காசு பார்க்கக் கற்றுக்கொண்டதும் கிளம்பிவிடுகிறார்கள், என்ன செய்ய?

மூன்றாவது மாடி எழுதியது:

வணக்கம். சென்னையில் பழங்காசு ஏலம் நடத்துகிறேன். பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு இரும்புப் பெட்டி, என்னையும் சேர்த்து ஐந்து பேர். வருடத்துக்கு மூன்று ஏலம், ஒவ்வொன்றிலும் 500, 600 லாட் (ஒரு தடவையில் ஏலம் விடும் ஒரு காசோ, ஒரு கட்டோ) வரும். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இதில் இறங்கி 11 வருடம் ஆகிறது. மனைவி இன்னமும் இதை 'உங்க சில்லறைக் கடை' என்றுதான் சொல்கிறாள்.

எனக்குக் காசு கிடைப்பதில் சிக்கல் இல்லை, ஆள் கிடைப்பதில்தான். இந்த 11 வருடத்தில் நான்கு பேருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தேன். முதல் ஆள் குரூப் 4 எழுதி வருவாய்த் துறைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், என் மகனாக இருந்தாலும் போ என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டாவது வந்த பெண் கல்யாணமாகி ஓசூர் போனார். மூன்றாமவரை வெளிமாநில ஏல நிறுவனம் ஒன்று இரட்டைச் சம்பளம் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனது.

நான்காமவன்தான் மனதைக் கெடுத்துவிட்டான். திண்டிவனம் பக்கத்துப் பையன், பி.காம்., கேட்லாகுக்குப் படம் எடுக்க வந்தவன். சேர்ந்த அன்று காசைத் தலைகீழாக வைத்துப் படம் எடுத்தான். மூன்றரை வருடத்தில் என்னைத் தாண்டிவிட்டான். 1862 விக்டோரியா ரூபாய் தெரியும் அல்லவா? 1862 என்று ஆண்டு போட்டுவிட்டு, 1874 வரை அதே எண்ணோடு அடித்துக்கொண்டே இருந்தார்கள். சின்னச் சின்னப் புள்ளிகளையும் டை (காசு அடிக்கும் அச்சு) வேறுபாடுகளையும் வைத்துத்தான் இன்ன வகை என்று பிரிக்க முடியும். நான் லென்ஸைத் தேடி எடுப்பதற்குள் அவன் சொல்லிவிடுவான். பாரசீக எழுத்தை யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டான். முகலாய ரூபாயில் எந்த ஊர் அக்கசாலையில் (காசு அடிக்கும் இடம்) அடித்தது, எத்தனையாவது ஆட்சியாண்டு என்று படித்து எழுதுவான். 

போன மாதம் 'வீட்டில் கொஞ்சம் பிரச்சினை சார்' என்றான். நானும் நம்பி, ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கொடுத்து அனுப்பினேன். இரண்டே வாரம். வாட்ஸ்அப் குழுவில் தினம் இரவு 9 மணிக்கு ஏலம் விடுகிறான். ஏலம் கேட்பவர்களில் மூன்று பேர் என் பழைய வாடிக்கையாளர்கள்.

24,000-இல் சேர்த்தேன், போகும்போது 28,000 வாங்கினான். ஆடிட்டர் சம்பளத்தைக் கூட்டு என்கிறார். மைத்துனர் பாண்டு எழுதி வாங்கு என்கிறார். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. இந்தத் தொழிலில் வேலை பார்த்தவர்கள், பார்க்க வைத்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஆட்களை எங்கே தேடுகிறீர்கள்? தேறியவர்களை எப்படி நிறுத்தி வைக்கிறீர்கள்? வேலையில் இருப்பவர்கள் சொந்தமாகக் காசு வாங்கி விற்பதை அனுமதிக்கலாமா, கூடாதா?

-----

சில்லறைச் சித்தர் எழுதியது:

சங்க காலத்தில் காசைப் பரிசோதிக்கிறவருக்கு வண்ணக்கன் என்று பெயர். புலவர்களிலேயே வடம வண்ணக்கன், விற்றூற்று வண்ணக்கன் என்றெல்லாம் இருந்திருக்கிறார்கள். ஊரே மதித்த உத்தியோகம். நீங்கள் ஒரு வண்ணக்கனை 28,000-க்கு வைத்திருந்தீர்கள், அதுவும் சென்னையில். என் தெருவில் சாப்பாடு டெலிவரி செய்கிற தம்பி மழைக்காலத்தில் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறான்.

அந்த வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். படம் நன்றாக எடுக்கிறார், காசின் குறையை அவரே முதலில் சொல்லிவிடுகிறார். கழுவிய காசைக் கழுவியது என்று எழுதுகிற ஆளை நான் விட மாட்டேன். மன்னிக்கவும்.

-----

செப்புச் சதுரம் எழுதியது:

சார், நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டு வருடக் கல்வெட்டியல், தொல்லியல் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு, வெளிமாநிலத்தில் ஒரு ஏல நிறுவனத்தில் ஆறு வருடம் கேட்லாக் எழுதினேன். பெயர் வேண்டாம். இப்போது தஞ்சாவூரில் வீட்டிலிருந்தே மூன்று நிறுவனங்களுக்கு லாட் கணக்கில் எழுதிக் கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. மூன்றரை வருடம் உங்களிடம் வேலை பார்த்து, பாரசீகம் படித்தவரை இன்னும் 'பையன்' என்கிறீர்கள். நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பீர்கள். வாடிக்கையாளர் முன்னாலும்.

என்னை வேலைக்கு எடுத்த விதம் நன்றாக இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். நேர்காணலில் சான்றிதழைப் பார்க்கவே இல்லை. ஒரு தட்டில் பத்துக் காசு வைத்து, 'பாருங்கள்' என்று சொல்லிவிட்டு அந்த முதலாளி டீ குடிக்கப் போய்விட்டார். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கவனித்திருக்கிறார். நான் காசை ஓரத்தில் பிடிக்கிறேனா, முகத்தில் கட்டைவிரலை வைக்கிறேனா என்பது முதல் பரீட்சை. தட்டுக்குக் கீழே துணி இருக்கிறதா என்று பார்த்த பிறகு எடுக்கிறேனா என்பது இரண்டாவது. திரும்பி வந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆறு சொன்னேன், நான்கு தெரியவில்லை என்றேன். எனக்கு முன்னால் வந்தவர் பத்தையும் சொன்னாராம், மூன்று தவறாம். அவரை அனுப்பிவிட்டு என்னை எடுத்தார். தெரியவில்லை என்று சொல்லத் தெரியாதவர் கேட்லாகில் எழுதும் ஒரு வரி, ஒரு வருடம் கழித்து வாங்கியவர் வீட்டிலிருந்து திரும்பி வரும். 

வேலை எனக்குப் பிடித்திருந்தது. காலையில் தராசை நேர்ப்படுத்தி, காசுகளை நூறில் ஒரு கிராம் வரை எடை போட்டு, விட்டம் அளந்து, இரண்டு பக்கத்தையும் படித்து எழுத வேண்டும். ஒரே ஆண்டு பிரிட்டிஷ் ரூபாய் கட்டு என்றால் ஒரு நாளைக்கு 60 லாட்கூட முடித்துவிடலாம். சங்க காலச் சதுரச் செப்புக் காசு என்றால் ஒன்றுக்கே அரை நாள் போகும். யானை இருக்கும், அதற்கு மேலே இருப்பது எட்டு மங்கலச் சின்னங்களில் எது என்று வெளிச்சத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தேய்ந்துபோன காசில் மீன் கோட்டுருவம் மெல்லத் தெரியவரும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே ஆறு வருடம் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு ஏன் போனாய் என்றால், ஒரே நாளில் போகவில்லை.

ஒருமுறை 11 ஆற்காடு ரூபாய் ஒரே கட்டாக வந்தது. ஆங்கிலேயக் கம்பெனிச் சரக்கு என்று சீட்டு எழுதி, ஒரே லாட்டாகப் போடச் சொன்னார்கள். கம்பெனி மதராசில் அடித்ததில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் 6-ஆம் ஆட்சியாண்டு அப்படியே உறைந்துபோய் நிற்கும், பார்த்துப் பார்த்துச் சலித்த காசு. ஆனால் கட்டில் இரண்டில் பிறை இருந்தது. பிறை என்றால் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்தது. இரண்டு தரப்பும் முகலாயப் பேரரசர் பெயரில், ஆற்காடு என்று ஊர் போட்டுத்தான் அடித்தார்கள், அதனால்தான் இந்தக் குழப்பமே. அந்த இரண்டையும் பிரித்துத் தனி லாட்டாகப் போடச் சொன்னேன். கட்டு முழுவதற்கும் போட்ட மதிப்பைவிட அந்த இரண்டு மட்டும் அதிகம் போயின. எனக்குக் கிடைத்தது அரைக் கிலோ காஜு கத்லி. கேட்லாகின் முதல் பக்கத்தில் முதலாளி படம், அவர் மகன் படம், அச்சகத்தின் பெயர்கூட இருந்தது. ஆறு வருடத்தில் ஒரு கேட்லாகிலும் என் பெயர் வரவில்லை.

அடுத்தது கொஞ்சம் சங்கடமானது. ஆற்று மணல் ஒட்டிய காசு வரும். எங்கே கிடைத்தது என்று கேட்டால், 'பழைய சேகரிப்பு என்று எழுதும்மா' என்பார்கள். 1878-ஆம் வருடப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய காசு நாட்டை விட்டுப் போகக் கூடாது. இதெல்லாம் எனக்குப் பாடத்திலேயே இருந்தது. என் பேராசிரியர் ஒருவர், நான் ஏல நிறுவனத்தில் சேர்ந்தேன் என்று தெரிந்த பிறகு கருத்தரங்கில் எதிரில் வந்தும் பேசவில்லை. உங்களைப் போன்ற முதலாளிகளுக்கு இது புரிவதில்லை சார். எங்களைப் போன்றவர்கள் வியாபாரத்துக்குள் வந்துவிட்டால் அந்தப் பக்கக் கதவு பாதி மூடிக்கொள்ளும். அதற்கு ஈடாக நீங்கள் என்ன தருகிறீர்கள்?

இப்போது நான் எழுதிக் கொடுக்கும் மூன்றில் ஒரு நிறுவனத்தை மட்டும் விட மாட்டேன். சம்பளத்தில் அது நடுத்தரம்தான். ஆனால் கேட்லாகில் நான் எழுதிய பகுதியின் கீழே என் பெயர் வருகிறது. நான் கொண்டுவரும் சரக்குக்குக் கமிஷனில் பங்கு உண்டு. கேட்கும் புத்தகத்தை வாங்கித் தருகிறார்கள், திருப்பிக் கேட்பதில்லை. நாசிக் பக்கத்தில் அஞ்சனேரியில் நாணயவியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறதே, அங்கே ஒரு வாரம் போய்ப் படிக்கச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, 'இந்தக் காசு சரியில்லை' என்று நான் எழுதினால் அது ஏலத்தில் வராது. யார் கொடுத்த காசாக இருந்தாலும் வராது.

ஆள் எங்கே கிடைப்பார்கள் என்று கேட்டீர்கள். எல்லாரும் காசு தெரிந்தவரைத் தேடுகிறார்கள், அதுதான் தப்பு. எழுத்து தெரிந்தவரைப் பிடித்துக் காசு சொல்லிக் கொடுங்கள். தமிழ்ப் பல்கலைக்கழகக் கல்வெட்டியல் துறையில் தமிழ் பிராமி படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருதுத் துறை இருக்கிறது, உங்கள் அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். பாரசீகம் எம்.ஏ. முடித்தவர் ஆறு மாதத்தில் முகலாய ரூபாய் படித்துவிடுவார். ஆனால் விடுப்பு எடுத்தாவது இரண்டு நாள் அந்த வாசலில் போய் நின்ற ஒரு ஏலக்காரரை நான் பார்த்ததில்லை.

சொந்தமாக வாங்கி விற்பதைப் பற்றி என் கருத்து: கூடாது. நீங்கள் விற்கும் வகையில் கண்டிப்பாகக் கூடாது. கட்டில் இருக்கும் பிறையைப் பார்த்த ஆள், சொல்லாமல் இருந்துவிட்டு, ஏலத்தில் மச்சான் பெயரில் அந்தக் கட்டை எடுத்தால் உங்களுக்குத் தெரியவே வராது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி எடுத்திருக்கிறார். ஆனால் தடை மட்டும் போட்டுவிட்டு, பங்கும் தராமல் இருந்தால், நீங்களே அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறீர்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், இங்கே பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் எப்போதாவது ஒரு காசு வேண்டாம் என்று சொல்லி, நீங்கள் மீறிப் போட்டதுண்டா?

-----

தாம்பாக்காரன் எழுதியது:

மேடம் சொன்னதில், வேலையில் இருப்பவர் சொந்தமாகக் காசு வாங்கி விற்பதைப் பற்றி முதலில். நான் மென்பொருள் ஆள், காசு பொழுதுபோக்கு. ஃபுளோரிடாவில் என் ஊரிலிருந்து ஒரு மணி நேரம் ஓட்டினால் சரசோட்டா, காசுக்குத் தரம் பார்த்துத் தரும் என்.ஜி.சி. நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 

1980-கள் வரை அமெரிக்காவில் காசின் தரத்தை டீலரே சொல்வார். வாங்கும்போது ஒரு தரம், விற்கும்போது ஒரு தரம்! 1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. வந்த பிறகு, வெளியாள் தரம் பார்த்து, 70 புள்ளி அளவில் எண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடித் தருவது வழக்கமானது. சில காசுகளில் 66-க்கும் 67-க்கும் இடையில் ஒரு கார் விலை வித்தியாசம் இருக்கும். அப்படியானால் அந்த எண்ணைப் போடுகிற ஆளைச் சுற்றி எவ்வளவு ஆசை காட்டுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். என்.ஜி.சி. தன் தரக்காரர்கள் காசு வாங்கி விற்கும் வியாபாரத்தில் ஈடுபடக் கூடாது என்று வெளிப்படையாகவே விதி வைத்திருக்கிறது. பார்க்கிற காசு யாருடையது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஒரே காசை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள். நல்ல கண் உள்ளவர் தன் கணக்கில் வியாபாரம் செய்தாலே நன்றாகச் சம்பாதிப்பார், அதை விட்டுவிட்டு வரச் சொல்கிறோம் என்றால் அதற்கான விலையைச் சம்பளத்தில் கொடுத்தாக வேண்டும். விதி பாதி, விலை பாதி.

ஆள் பிடிக்கிற விஷயத்தில் இங்கே ஒரு நல்ல வழக்கம். 1891-இல் தொடங்கிய அமெரிக்க நாணயவியல் சங்கம் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு வார வகுப்புகள் நடத்துகிறது. தரம் பார்ப்பது, கள்ளக்காசு கண்டுபிடிப்பது என்று பல பிரிவுகள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறார்கள். நான் 46 வயதில் போனேன், பக்கத்து நாற்காலியில் 17 வயதுப் பையன். மூன்றாம் நாள் ஒரு கள்ளக்காசை எங்கள் யாருக்கும் முன்னால் பிடித்துவிட்டான். அன்று மதியம் சாப்பாட்டு வரிசையில் ஒரு டீலர் அவனிடம் 'அடுத்த கோடையில் என்ன செய்கிறாய்?' என்று கேட்டதை என் காதால் கேட்டேன். சொல்லிக் கொடுக்கிறவர்களில் பலர் தொழிலில் இருப்பவர்கள். அதாவது நேர்காணல் ஒரு வாரம் நடக்கிறது, நேர்காணல் என்று யாருக்கும் தெரியாமல். சென்னையில் நாணயச் சங்கங்கள் கண்காட்சி நடத்துகின்றன அல்லவா? அங்கே பள்ளிப் பிள்ளைகள் வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் கடை மேஜையில் யார் உட்காருகிறார்கள்?

-----

உரைகல் எழுதியது:

மதுரையில் 41 வருடமாகக் காசுக் கடை. ஏலம் எல்லாம் கிடையாது, மேஜையில் வைத்து விற்பதுதான். 

செப்புச் சதுரம் என்ற அந்தப் பிள்ளை எழுதியது நியாயம். ஆனால் வாங்கவே கூடாது என்றதில் எனக்கு உடன்பாடு இல்லை. காசு மேல் ஆசை இல்லாதவன் இந்தத் தொழிலைக் கற்கவே மாட்டான். ஆசையைக் கற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டு, கையைக் கட்டு என்றால் எப்படி? என்னிடம் 19 வருடமாக ஒருவர் இருக்கிறார். சேர்ந்த வருடமே சொன்னேன், 'நான் தொடாத ஒரு வகையை நீ சேர்த்துக்கொள்.' அவர் திருவாங்கூர் சமஸ்தானத்துச் சக்கரம் என்ற காசை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து கடைக்குச் சக்கரம் வந்தால் அவரைக் கூப்பிட்டு நேரே பேசிக்கொள்ளச் சொல்லிவிடுவேன், ஒரு பைசா வைக்க மாட்டேன். இன்று சக்கரத்தில் சந்தேகம் என்றால் கேரளத்திலிருந்து அவருக்குப் போன் வருகிறது. என் கடைக்குத்தானே வருகிறது அந்தப் போன்.

எங்கள் காலத்தில் ஆள் எடுப்பது என்று ஒன்று கிடையாது. மகன் வருவான், இல்லை மருமகன் வருவான். என் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி, காசைக் கண்டாலே தூசி என்கிறான். சரி, அது வேறு கதை.

தம்பி, போனவன் போட்டிக்காரன் ஆகிவிட்டான் என்று அழுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் 500 ரூபாய், 2,000 ரூபாய்க் காசு போகும். அவன் கைக்கு ஒரு பெரிய காசு வந்தால் அங்கே விற்க முடியாது, கேட்லாக் வேண்டும், நாலு ஊர் ஆட்கள் வேண்டும். அப்போது யாரிடம் கொண்டுபோவான் என்பது நீங்கள் இப்போது அவனிடம் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. பாண்டு எழுதி வாங்கியிருந்தால் வேறு ஊர்க்காரனிடம் கொண்டுபோவான்.

-----

சில்லறைச் சித்தர் எழுதியது:

உரைகல் ஐயா, அந்தச் சக்கரக்காரருக்கு வாரிசு வேண்டுமென்றால் நான் தயார். கூட்டிப் பெருக்கக்கூடச் செய்வேன்.

-----

மூன்றாவது மாடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாள் பதில் எழுத முடியவில்லை. மேடத்தின் கடைசிக் கேள்விதான் காரணம். இங்கே பதில் சொல்ல வேண்டாம் என்றீர்கள், ஆனால் சொல்லாமல் இருந்தால் நான் கேட்ட கேள்வியே பொய்யாகிவிடும்.

உண்டு. சென்ற வருடம் ஆடி மாதம். ஒரு பெரிய சேகரிப்பாளர் 140 லாட் கொடுத்தார், அதில் 1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று. எவ்வளவு அரிது என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. 1938 காசில் 8-இன் கீழ் வயிற்றைச் சுரண்டி 9 ஆக்குகிற வேலை ஊருக்கே தெரியும். எடை போட்டோம், 11.66 கிராம். வெள்ளி சரி. சரியாகத்தான் இருக்கும், காசு அசல்தானே, ஆண்டு மட்டும்தானே பொய். அவர் (பையன் என்று எழுதிவிட்டு அழித்தேன்) அரை மணி நேரம் பார்த்துவிட்டு, '9-இன் வால் சரியில்லை சார், அந்த 9-ஐச் சுற்றிக் காசின் பரப்பு சமமாக இல்லை, வேண்டாம்' என்றார். நான் அந்த 140 லாட்டை நினைத்தேன். ஒன்றைத் திருப்பினால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று பயம். 'நீ மூன்று வருடமாகத்தான் காசு பார்க்கிறாய், அவர் 30 வருடமாகப் பார்க்கிறார்' என்றேன். கேட்லாகில் அவரையே எழுதவும் வைத்தேன்.

விற்றது. இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. பணத்தைக் கொடுத்து, காசை இரும்புப் பெட்டியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். அவரிடம் சொல்லவில்லை. ஆனால் பெட்டியின் இரண்டாவது சாவி அவரிடம்தான் இருந்தது. எனக்கு இது நேற்று வரை தோன்றவே இல்லை.

நேற்று இரவு ஏலம் முடிகிற நேரம் பார்த்து, 9:40-க்கு, அந்தக் காசைப் படம் எடுத்து அனுப்பினேன். 'நீங்கள் சொன்னது சரி. அன்றே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஏலத்தில் பிரிட்டிஷ் இந்தியா பகுதியை வெளியிலிருந்து எழுதித் தர முடியுமா? லாட் கணக்கு, உங்கள் பெயர் கீழே வரும், நீங்கள் வேண்டாம் என்றால் அது வராது' என்று எழுதினேன். சேர்த்து மூன்று முறை அழித்து எழுதினேன். வங்கியில் இத்தனை வருடம் கடிதம் எழுதியவன்.

இரண்டு நீல டிக் உடனே வந்தது. பதில் காலையில்தான் வந்தது. ஆம், இல்லை என்று எதுவும் இல்லை. 'சார், படத்தில் வெளிச்சம் நேராக விழுகிறது, வால் தெரியவில்லை. இடப்பக்கம் சாய்த்து இன்னொன்று எடுத்து அனுப்புங்கள்.'

எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது படமும் மங்கலாகத்தான் வந்திருக்கிறது.